சத்தம் போடாதவரிடம் முதலில் போங்கள்: இ.எம்.டி. (ஆம்புலன்ஸ் அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சியில் இருப்பவர்களுக்கு

விபத்து நடந்த இடத்தில் ஆம்புலன்ஸை விட்டு இறங்கியதும் கூட்டம் உங்கள் கையைப் பிடித்து இழுக்கும். கால் ஒடிந்து "ஐயோ, அம்மா" என்று கதறுகிறவரிடம்தான் கூட்டிப்போவார்கள். கதறுகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நெஞ்சுக்குள் காற்று போய்வருகிறது, மூளைக்கு ரத்தம் ஏறுகிறது. அவருக்கு வலி உண்டு, நேரமும் உண்டு. பிளாட்பாரத்து ஓரம் மல்லாந்து கிடந்து, தொண்டையில் கொரகொரவென்ற சத்தத்தோடு மூச்சு விடுகிறவருக்கு நேரமில்லை. மூச்சு நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். முதலில் அவரிடம் போங்கள். கால் ஒடிந்தவரிடம் பைலட்டோ (வண்டி ஓட்டுநர்) பக்கத்தில் நிற்கும் ஒருவரோ உட்காரட்டும்.

வகுப்பில் மருந்துப் பெயர்களும் அளவுகளும் நிறைய வரும். அவற்றைப் படியுங்கள். ஆனால் வண்டியில் ஏறிய முதல் நாளே தேவைப்படுவது வரிசை: பீறிடும் ரத்தம், மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடையை விலக்கி உடம்பு முழுக்கப் பார்ப்பது. ஒரு படியில் கோளாறு தெரிந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த படி. தடை ஒன்றும் இல்லாவிட்டால் இதெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் முடியும்.

ஷிஃப்ட் மாறும்போது

வண்டியைக் கையில் வாங்கும்போது மூன்றைக் கண்ணால் பார்த்தால் போதாது, இயக்கிப் பார்க்க வேண்டும்.

ஆக்ஸிஜன். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். முழுதாக நிரம்பியிருந்தால் மீட்டர் 150-ஐ ஒட்டிக் காட்டும். கொள்ளளவை மீட்டர் எண்ணால் பெருக்கினால் உள்ளே இருக்கும் வாயு கிடைக்கும்: 10 பெருக்கல் 150, அதாவது 1,500 லிட்டர். முள் 50-ல் நின்றால் 500 லிட்டர்தான் மிச்சம். நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்தால் அது 33 நிமிடம்தான் வரும். மாலை நெரிசலில் பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரல் வரை போக அது பத்தாது. சிலிண்டர் சாவி அதன் இடத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். வால்வு இறுகிவிட்டது என்று எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. அழுத்தத்தோடு வரும் ஆக்ஸிஜனில் எண்ணெய் தானே தீப்பற்றும்.

சக்‌ஷன். வாயிலும் தொண்டையிலும் நிற்பதை உறிஞ்சும் இந்த மெஷினை ஓடவிட்டு டியூபை மடக்கிப் பிடியுங்கள். நாலு விநாடிக்குள் மீட்டர் 300-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் ஜாடியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்காது.

ஆம்பு பேக். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை இது. நோயாளி பக்கத்து வாயை உள்ளங்கையால் அடைத்துப் பையை அமுக்குங்கள். காற்று இறங்காமல் பை எதிர்த்து நிற்க வேண்டும். பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என்று எல்லா அளவு மாஸ்க்கும் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இறங்கும் முன்

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஒருவர் விழுந்து கிடந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டி, மேன்ஹோல் அழைப்புகளில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் சாவது இப்படித்தான். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் முகரும் திறனையே அது மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்பதை வைத்து இறங்காதீர்கள். முகத்தில் கட்டிய ஈரத்துணி இந்த வாயுவைத் தடுக்காது. 101-ஐ அழைத்து, மூச்சுக் கருவி அணிந்த தீயணைப்பு வீரர்கள் மேலே தூக்கிக் கொடுக்கும் வரை நீங்கள் வெளியே நின்று ஆக்ஸிஜனைத் தயாராக வைத்திருங்கள். நிற்பது கஷ்டம்தான், சுற்றி நிற்பவர்கள் திட்டவும் செய்வார்கள். அப்போதும் நிற்க வேண்டும்.

மூச்சுப்பாதை

சத்தத்தைக் கேளுங்கள். குறட்டை போல வந்தால் நாக்கு பின்னால் சரிந்திருக்கிறது. கொரகொரப்பு என்றால் ரத்தமோ வாந்தியோ எச்சிலோ நிற்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று வந்தால் தொண்டை வீங்கியிருக்கலாம், அல்லது ஏதோ சிக்கியிருக்கலாம்.

நாக்கு சரிந்திருந்தால் நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, இன்னொரு கையால் தாடையை மேலே தூக்குங்கள். விபத்தில் அடிபட்டவருக்குக் கழுத்தைச் சாய்க்காமல், இரு பக்கத் தாடைக் கோணத்திலும் விரல் வைத்துத் தாடையை மட்டும் முன்னால் தள்ளுங்கள். அப்படியும் மூச்சு திறக்கவில்லை என்றால் தலையைச் சாய்க்கத்தான் வேண்டும். கழுத்தைக் காப்பாற்றி மூச்சை விட்டுவிட்டால் பயனில்லை.

கொரகொரப்பு இருந்தால் ஆம்பு பேக்கைத் தொடும் முன் சக்‌ஷன். உறிஞ்சாமல் காற்றை அடித்தால் வாயில் இருப்பதெல்லாம் நுரையீரலுக்குள் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் ஆழம் வரைதான் டியூபை உள்ளே விட வேண்டும், வெளியே எடுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும், ஒரு முறைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் வேண்டாம். நம் ஊரில் வயதானவர்கள் கன்னத்தில் வெற்றிலைபாக்கு அடக்கியிருப்பார்கள். அது டியூபை அடைத்துவிடும், கண்ணுக்குத் தெரிவதை விரலால் வழித்து எடுத்துவிடுங்கள். இறுக்கமாகப் பொருந்தியிருக்கும் பல்செட்டைக் கழற்றாதீர்கள். பல்செட் இருந்தால்தான் கன்னம் குழியாமல் மாஸ்க் ஒட்டும். ஆடுகிற பல்செட்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.

நாக்கு சரியாமல் தாங்க வாய் வழியாகப் போடும் வளைந்த குழாய்தான் ஏர்வே. அதன் அளவை, வாயோரத்திலிருந்து தாடைக் கோணம் வரை வைத்துப் பாருங்கள். சின்னது போட்டால் நாக்கைப் பின்னால் தள்ளும், பெரிது போட்டால் குரல்வளையை அடைக்கும். பெரியவர்களுக்குத் தலைகீழாக நுழைத்து அரை வட்டம் திருப்ப வேண்டும். குழந்தைகளுக்கு நாக்கை அழுத்திப் பிடித்து நேராகவே போட வேண்டும். குமட்டினால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஆம்பு பேக்கைப் பிடிப்பது

இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. பையை அமுக்குவது எளிது, மாஸ்க்கைப் பிடிப்பதுதான் வேலை.

நோயாளியின் தலைமாட்டில் இருங்கள். மாஸ்க்கின் குறுகிய பக்கம் மூக்குப் பாலத்தில், அகலப் பக்கம் உதட்டுக்கும் தாடை நுனிக்கும் நடுவில். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளையம் போல. மிச்ச மூன்று விரல்களும் கீழ்த்தாடை எலும்பின் மேல், சுண்டுவிரல் தாடைக் கோணத்துக்குப் பின்னால் கொக்கி போல. விரல்கள் எலும்பில் இருக்க வேண்டும். தாடைக்கு அடியில் உள்ள மெத்தென்ற சதையை அமுக்கினால் நாக்கு மேலேறி, திறந்த பாதையை நீங்களே மூடுகிறீர்கள். மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்தாமல், முகத்தை மாஸ்க்குக்குள் தூக்குங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் பையை அமுக்குவதே நல்லது.

பை முழுவதையும் பிழியாதீர்கள். பெரியவருக்கு ஒரு மூச்சுக்கு 500 முதல் 600 மில்லி போதும். நெஞ்சு எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். ஒரு விநாடி நீளத்தில் மெல்ல அமுக்கி, நாடி இருப்பவருக்கு ஆறு விநாடிக்கு ஒரு முறை கொடுங்கள். குழந்தைக்கு இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று. பதற்றத்தில் கை தானாக வேகம் பிடிக்கும். வேகம் கூடினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். அதனால் "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். நெஞ்சு எழும்பவில்லை என்றால் தலையின் நிலையை மாற்றுங்கள், மாஸ்க்கைத் திரும்பப் பொருத்துங்கள், ஏர்வே போடுங்கள். இன்னும் பலமாக அமுக்குவது எதையும் தீர்க்காது.

"மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு"

வீட்டுக்காரர்கள் இப்படிச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மீன் வாய் திறப்பது போல எப்போதாவது ஒரு இழுப்பு வருவது மூச்சு ஆகாது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் இது வரும். கூப்பிட்டால் பதில் இல்லை, 10 விநாடிக்குள் கழுத்து நாடி உறுதியாகக் கிடைக்கவில்லை என்றால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுப்பது) தொடங்குங்கள்.

மெத்தைக் கட்டிலில் செய்யாதீர்கள், உங்கள் அழுத்தத்தை மெத்தை வாங்கிக்கொள்ளும். தரையில் இறக்குங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். களைத்தவர் தன்னை அறியாமல் நெஞ்சின் மேல் சாய்ந்துகொள்வார், அப்போது இதயத்தில் ரத்தம் நிரம்பாது. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு. குழந்தைக்கு நீங்கள் இரண்டு பேர் இருந்தால் 15-க்கு 2, ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு.

ஏ.இ.டி. (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) வந்ததும் நெஞ்சைத் துடையுங்கள். சென்னை வியர்வையில் பேட் ஒட்டாது. ஒன்று வலது கழுத்தெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். ரவிக்கையை வெட்டத் தயங்க வேண்டாம், மேலே துப்பட்டாவால் மறைத்துக்கொள்ளலாம். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. பேட்டுக்கு அடியில் சிக்காமல் தோள் பக்கம் ஒதுக்கினால் போதும். கழற்றப்போனால் குடும்பத்தோடு வாக்குவாதத்தில் அரை நிமிடம் போய்விடும். ஷாக் கொடுத்ததும் நாடி பார்க்காமல் உடனே அழுத்தத்தைத் தொடருங்கள்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, ஆள் திரும்ப இடமில்லாத படிக்கட்டு. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் இது வழக்கம். இறங்கும் அந்த நிமிடங்களில் உருப்படியாக ஓர் அழுத்தம்கூட விழாது. எனவே இருக்கும் இடத்திலேயே சில சுற்றுகளை முழுதாகச் செய்து, இதயம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

கடலில் மூழ்கியவருக்கு வரிசை கொஞ்சம் மாறும். அவருக்கு நின்றது முதலில் மூச்சு. அதனால் மூச்சுக் கொடுத்துத் தொடங்கி, பிறகு அழுத்தத்துக்கு வாருங்கள். மெரினாவில் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முனைவார்கள். அன்பாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போய்விடும்.

ரத்தம்

பீறிடும் ரத்தத்துக்கு முதல் மருந்து உங்கள் கை. காஸ் வைத்து, புண்ணின் மேலேயே, முழு எடையோடு அமுக்குங்கள். நனைந்தால் எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்த ரத்தமும் சேர்ந்து வந்துவிடும். கை காலில் அடங்காமல் வந்தால் டோர்னிக்கே, அதாவது முறுக்கி இறுக்கும் பட்டை. புண்ணுக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நின்று கீழே நாடி மறையும் வரை முறுக்குங்கள். வலியில் நோயாளி கத்துவார். கட்டிய நேரத்தை மார்க்கரால் எழுதுங்கள். வழியில் தளர்த்தாதீர்கள். பொதுமக்கள் கட்டியிருக்கும் கைக்குட்டை பெரும்பாலும் சிரையை மட்டும் அடைக்கும். உள்ளே போகும் ரத்தம் போய்க்கொண்டேயிருக்க, திரும்ப வழியில்லாமல் புண்ணில் இன்னும் அதிகமாகக் கொட்டும்.

வெளியே சொட்டு ரத்தம் இல்லாமலும் ஒருவர் வெளிறிப்போகலாம். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே தேங்கும். இடுப்பெலும்பு இன்னும் மோசம். குளிர்ந்த வியர்வை, வேகமான நாடி, தாகம், நிலைகொள்ளாமை இவையெல்லாம் பி.பி. விழும் முன்பே வரும். பி.பி. விழுவதற்குக் காத்திருக்காதீர்கள். இடுப்பெலும்பு சந்தேகம் என்றால் பைண்டரையோ (இடுப்பை இறுக்கும் பட்டை) வேட்டியையோ தொடை எலும்பின் மேல்முனை துருத்தும் இடத்தில் சுற்றிக் கட்டுங்கள். புதியவர்கள் பேன்ட் பெல்ட் கட்டும் இடத்தில் கட்டிவிடுவார்கள், அங்கே கட்டினால் எலும்பு சேராது.

சலைன் பாட்டிலை நம்பி ஓடவிடாதீர்கள். நிறைய ஏற்றினால் ரத்தம் நீர்த்து, உறைந்த கட்டியும் பெயர்ந்து வரும். மேல் பி.பி. 80 முதல் 90 இருந்து, நோயாளி பேசிக்கொண்டிருந்தால் போதும். தலையில் அடி இருந்தால் மட்டும் 110-க்குக் குறையவிடாதீர்கள். ஊசி குத்துவதை வண்டி நகர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. நீங்கள் வியர்வையில் நனைவீர்கள், பரவாயில்லை.

ஹெல்மெட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாடையையும் பிடரியையும் கீழிருந்து தாங்க, மற்றவர் பக்கவாட்டில் விரித்து மெல்ல உருவ வேண்டும்.

நோய் அழைப்புகள்

"கேஸ் டிரபிள்தாங்க, சோடா குடிச்சேன்" என்று நாற்பதைத் தாண்டியவர் வியர்த்துப்போய்ச் சொன்னால், வேறு என்று நிரூபணமாகும் வரை அது இதயம். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது, களைப்பு, குமட்டல் மட்டும் இருக்கலாம். முடிந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. அலர்ஜியோ ரத்தக் கசிவோ இல்லை என்று கேட்டு, கன்ட்ரோல் ரூம் டாக்டரிடம் சொல்லி, ஆஸ்பிரின் 325 மி.கி. மென்று விழுங்கச் சொல்லுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட், மேல் பி.பி. 90-க்குக் கீழே இருந்தால் கூடாது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனஃபிலை முந்தைய 24 மணி நேரத்திலோ, டடாலஃபிலை முந்தைய 48 மணி நேரத்திலோ சாப்பிட்டிருந்தாலும் கூடாது. இதை மனைவி, பிள்ளைகள் எதிரில் கேட்டால் உண்மை வராது, வண்டிக்குள் தனியாகக் கேளுங்கள். நோயாளியைப் படியில் நடத்தி இறக்காதீர்கள்.

நினைவு தப்பியவர், உளறுகிறவர், வலிப்பு வந்தவர், வாய் கோணியவர் யாராக இருந்தாலும் விரலில் குத்திச் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை. நினைவில்லாவிட்டால் வாயில் ஒரு சொட்டும் கூடாது, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பு வழியே. ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று சலைன் விட்டுப் பார்த்த பிறகே ஏற்றுங்கள், வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். எழுந்து உட்கார்ந்து "சரியாயிடுச்சு, வேணாம்" என்பார். சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கும், கட்டாயம் கூட்டிப்போங்கள்.

பக்கவாதத்தில் "எப்போ ஆச்சு?" என்று கேட்காமல் "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என்று கேளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அது அந்த நொடியிலிருந்து தொடங்குகிறது. பி.பி.யைக் குறைக்கப் போகாதீர்கள்.

வலிப்பில் கையில் இரும்புச் சாவி திணிப்பார்கள். அதற்காகச் சண்டை வேண்டாம். பக்கவாட்டில் திருப்புங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டரிடம் கேட்டு மருந்து.

பாம்புக் கடிக்குக் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், கொலுசு, மெட்டியை வீக்கம் வரும் முன் கழற்றி, காலுக்கு அட்டை கட்டி அசையாமல் வையுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண்ணிமை தூக்க முடியவில்லை என்றால் கட்டுவிரியனை நினையுங்கள். அதன் கடித்தடம் தெரியாமலேயே இருக்கலாம். மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும், ஆம்பு பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி மருந்து சாப்பிட்டவர் முதல் இரண்டு நாள் நன்றாகவே இருக்கலாம், அதன் பிறகு கல்லீரல் விழும். நன்றாகத்தானே பேசுகிறார் என்று விட்டுவராதீர்கள். டப்பாவைக் கையோடு எடுங்கள், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "ஏன்மா இப்படிப் பண்ணே?" என்று கேட்கவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் உடம்பு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சும் குழறினால் வெப்பத்தாக்கு. குளிர்விப்பது முதலில், பயணம் பிறகு. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஈரத்துணி போட்டு விசிறினால் மட்டும் சூடு இறங்காது. தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள்.

வண்டியில் பிரசவம்

தலை தெரிந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். தலை வெடுக்கென்று வராமல் உள்ளங்கையால் மெல்லத் தாங்குங்கள், இழுக்காதீர்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் தலைக்கு மேலாக நழுவ விடுங்கள். குழந்தை வந்ததும் முதல் வேலை துடைப்பது. நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை மாற்றி, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் போட்டு மூடுங்கள். துடைத்தும் அழவில்லை என்றால் முதுகைத் தேய்த்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் குட்டி ஆம்பு பேக். குழந்தை நன்றாக இருந்தால் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்துக் கொடியில் இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டுங்கள். நஞ்சுக்கொடியை இழுக்காதீர்கள். அரை மணி வரை ஆகலாம், அதற்காக வண்டி நிற்க வேண்டியதில்லை. பிறகு தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து போல இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்றிருந்து ரத்தம் போனால், இறுகும் வரை தேய்த்துவிட்டுக்கொண்டே டாக்டரை அழையுங்கள்.

ஒப்படைப்பது

எங்கே போவது என்பதைக் கன்ட்ரோல் ரூமுடன் பேசி முடிவு செய்யுங்கள். பக்கத்தில் இருப்பது எல்லாம் பொருத்தமானது ஆகாது. பெரிய தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம், குழந்தைகளுக்கு எழும்பூர், தலைக்காயத்துக்கு நரம்பியல் அறுவை வசதி உள்ள இடம். பணத்தை நினைத்துச் சாலை விபத்துக் குடும்பம் தயங்கினால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது என்று சொல்லுங்கள்.

வாசலில் நோயாளிகளை அவசரத்துக்கு ஏற்பப் பிரிக்கும் டிரயாஜ் நர்ஸிடம் அரை நிமிடத்தில் சொல்லி முடியுங்கள்: "நாற்பது வயசு ஆண், பைக் லாரி மோதல், ஏழரை மணிக்கு. இடது தொடை முறிவு, வயிறு இறுக்கம். நாடி 124, பி.பி. 86, நினைவு 15-க்கு 14. டோர்னிக்கே ஏழு நாற்பதுக்கு. ஆக்ஸிஜன் போகுது, சலைன் 250 மில்லி." டோர்னிக்கே கட்டிய நேரத்தை அவர் திருப்பிச் சொல்லும் வரை நகராதீர்கள்.

வெளியே வந்ததும் ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, சக்‌ஷன் ஜாடியைக் கழுவி, எடுத்த மாஸ்க்குக்குப் பதில் புதியது வைத்து, சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். 50-லோ அதற்குக் கீழோ இருந்தால் சிலிண்டரை மாற்றிவிட்டுத்தான் வண்டி தயார் என்று சொல்ல வேண்டும்.